கிணற்றுத் தண்ணீர் விற்பனையும் வேலூர் வட்டார விவசாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1989ல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. மிச்சம் இருந்த வேலூர் மாவட்டம் 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. எல்லைகள் மாறினாலும் இந்த மூன்று மாவட்டத்து விவசாயிகளும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கிணற்றை வைத்திருப்பவர், தண்ணீர் வாங்குபவர், கிணறும் நிலமும் இல்லாதவர் ஆகிய மூவரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தண்ணீர் வியாபாரம் என்றால் டேங்கர் லாரி மட்டும்தானா?

இல்லை. லாரி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே தண்ணீர் விற்பனை இருந்தது. கிணறு உள்ளவர் பக்கத்துக் காணிக்குத் தண்ணீர் விட்டுப் பணமோ நெல்லோ வாங்குவது பழைய வழக்கம். கிணற்றுப் பங்கை நிலத்தோடு சேர்த்தோ தனியாகவோ விற்பதும் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த கிணறுகளில் யாருக்கு எந்த நாள் முறை என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அந்த முறையை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துக் காசு வாங்கினால் அதுவும் வியாபாரம்தான்.

பிறகு வந்தது ஊருக்கு வெளியே போகும் தண்ணீர். டிராக்டர் டேங்கர், லாரி, கேன் தண்ணீர் கம்பெனி, கட்டட வேலை, தோல் பதனிடும் பட்டறை என்று வாங்குபவர்கள் பலர்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது. பக்கத்து வயலுக்குப் போன தண்ணீரில் ஒரு பகுதி அதே மண்ணில் இறங்குகிறது. பயிராகிறது, கூலியாகிறது, மாட்டுக்கு வைக்கோலாகிறது. லாரியில் ஏறிய தண்ணீரில் ஊருக்குக் கிடைப்பது கிணற்றுக்காரர் கைக்கு வரும் பணம் மட்டும்தான்.

பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் விட என்ன வாங்குகிறார்கள்?

ஊருக்கு ஊர் வேறுபடும். மோட்டார் ஓடும் மணிக்கணக்குக்குப் பணம் என்பது ஒன்று. பயிருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வது ஒன்று. விளைச்சலில் பங்கு கொடுப்பது பழைய முறை. இன்றும் நெல்லுக்கு அது பல இடங்களில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கே போகும் ஊர்களும் உண்டு.

பேசிய விலையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் வாங்குகிறவர் விற்கிறவரின் வயலில் முதலில் நடவுக்கு இறங்க வேண்டும், அறுத்த நெல்லை அவர் வழியாகவே விற்க வேண்டும், பழைய கடனுக்கு வட்டி குறைத்துக் கேட்கக்கூடாது என்று பல கட்டுகள் பின்னால் வரும். இதெல்லாம் எங்கும் எழுதப்படாது. “அண்ணா, நாளைக்கு ஒரு முறை விடுங்க, பயிர் வாடுது” என்று போய் நிற்கும்போது அண்ணன் “பார்க்கலாம்” என்று சொன்னால், அந்த ஒரு சொல்லில் எல்லாக் கட்டும் அடங்கிவிடும். பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் நின்றால் வாங்கியவருக்கு முழு நஷ்டம், விற்றவருக்கு அந்தப் பத்து நாள் வரவு மட்டும் போகும். பேரத்தில் இரண்டு பேரும் சம நிலையில் நிற்கவில்லை. அதனால்தான் மணிக்கு என்ன ரேட் என்று மட்டும் கேட்டு ஒரு ஊரின் தண்ணீர் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

பணமாகக் கொடுப்பதா, பங்காகக் கொடுப்பதா, எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்கில் வாங்குபவர் அதிகம் கொடுப்பார் என்பது உண்மை. ஆனால் பயிர் போனால் நஷ்டத்தில் கிணற்றுக்காரருக்கும் பங்கு உண்டு என்பதால் கடைசித் தண்ணீர் வரை விட அவருக்கும் அக்கறை இருக்கும். மணிக்கணக்கில் அந்த அக்கறை இல்லை. கைமுதல் இல்லாத சிறு விவசாயிக்குப் பங்கு முறையே பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன், விகிதத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மின்சாரமே இலவசம். அப்புறம் தண்ணீருக்கு ஏன் காசு?

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். அதற்கு முன்பு சிறு விவசாயிகளுக்கு மட்டும் இருந்தது. கரண்டுக்குப் பணம் இல்லை என்றாலும் கிணறு வெட்டிய செலவு, தூர் வாரிய செலவு, சைடு போர் போட்ட செலவு, காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு எல்லாம் கிணற்றுக்காரர் தலையில்தான். தண்ணீர் வராமல் தோற்றுப்போன போர்வெல்களின் கடனும் அதில் சேரும். அதனால் தண்ணீருக்கு ஒரு விலை கேட்பது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இலவச மின்சாரம் பேரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பு உள்ளவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டுவதால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. இணைப்பு இல்லாதவருக்கு அந்த அரசு உதவி நேராகப் போய்ச் சேர்வதே இல்லை. கிணற்றுக்காரர் மனம் வைத்தால் தண்ணீர் விலையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1973–74ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தபோதே, புது ரக நெல்லுக்குத் தடையாக நின்றது தண்ணீர்தான் என்று தெரிந்தது. பம்புசெட் யாரிடம் என்பது அப்போதிருந்தே பெரிய கேள்வி.

இன்னொன்று. விவசாய இணைப்பில் இறைத்த தண்ணீரை லாரிக்கு ஏற்றுவது, அனுமதித்த பயன்பாட்டை மீறுவது ஆகும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவு இதை அங்கீகாரம் இல்லாத பயன்பாடு என்கிறது. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிக்கலாம்.

என் நிலம், என் கிணறு. லாரிக்கு விற்றால் நெல்லைவிட அதிகம் கிடைக்கிறது. இதில் மற்றவருக்கு என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கணக்குப் போட்டால் ஏன் இந்த ஆசை வருகிறது என்று யாருக்கும் புரியும். முதலில் அந்தக் கணக்கையே போடுவோம்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு அறுவடை வரை சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதை லிட்டராக்கினால் ஏறக்குறைய 48 லட்சம். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் 400 நடை. ஒரு நடைக்குக் கிணற்றுக்காரர் கையில் வெறும் 100 ரூபாய் நின்றால்கூட 40,000 ரூபாய். நாற்று, உழவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் என்று எல்லாச் செலவும் போக ஒரு ஏக்கர் நெல்லில் அந்தத் தொகை நிற்பது அரிது. மழை, பூச்சி, விலை என்ற கவலையும் லாரி வியாபாரத்தில் இல்லை.

சரி, அடுத்த கணக்கு. நம் பக்கம் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே உள்ள சிதைந்த பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். இப்படிப்பட்ட இடத்தில் மழையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நிலத்தடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கரில் அது சுமார் 4 லட்சம் லிட்டர். லாரிக் கணக்கில் 32, 33 நடை.

அதாவது ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தன் நிலத்தில் விழுந்து இறங்கிய மழையிலிருந்து ஆண்டுக்கு விற்கக்கூடியது முப்பது சொச்சம் நடைதான். 400 நடை போனால், அந்தத் தண்ணீர் பன்னிரண்டு ஏக்கர் நிலத்தடியிலிருந்து வந்தது. ஒரே பானையில் பத்து அகப்பை போட்ட மாதிரி, நீளமான அகப்பைக்கே எல்லாம் வரும்.

நெல்லும் அதே 400 நடை குடிக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் ஒரு பகுதியை மழை நேராகக் கொடுக்கிறது. வயலில் தேங்கும் தண்ணீரில் கணிசமான பகுதி மறுபடி கீழே இறங்கி அடுத்த கிணற்றில் ஊறுகிறது. லாரியில் போனது எதுவும் திரும்பாது. ஆனால் நீர் குறைந்த இடத்தில் கோடையில் அறுக்கும் நவரைப் பட்டத்திலும் நெல்லே போடுவது நல்லதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிலக்கடலைக்கோ கேழ்வரகுக்கோ பாதிக்கும் குறைவாகவே தண்ணீர் போதும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படிக் கொஞ்சம் தண்ணீரில் நல்ல விலை தரும் பயிர் கைவசம் இருந்தால் லாரிக்காரர் சொல்லும் விலைக்கு மயங்க வேண்டியதில்லை.

சட்டப்படி நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்?

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை வைத்துத்தான் இன்னும் பேசுகிறோம். நிலத்துக்குக் கீழே, தெளிவான ஓட்டப்பாதை இல்லாமல் இருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது அது. கவலை ஏற்றம் கட்டி, மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் எழுதிய விதி. அன்று ஒருவர் எவ்வளவு எடுத்தாலும் பக்கத்துக் கிணறு வற்றிவிடாது. ஆயிரம் அடி போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கும் காலத்துக்கு அது பொருந்தவில்லை.

தமிழ்நாடு 2003ல் நிலத்தடி நீர் மேம்பாட்டு மேலாண்மைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்தானது. 2014ல் பொதுப்பணித் துறை அரசாணை எண் 142 வந்தது. குறுவட்டம் (பிர்க்கா, சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) குறுவட்டமாக நிலத்தடி நீர் எடுப்பை அளந்து, வரம்பு மீறிய இடங்களில் வணிகத்துக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி கிடையாது என்பது அதன் சாரம். 2018ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ஊறும் நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 100ஐத் தாண்டினால் அதிநுகர்வு என்பது வகைப்பாடு. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது என்று மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வணிக அனுமதி பற்றிய எந்தப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கும்.

நிலமே இல்லாத கூலிக்காரருக்கு இதில் என்ன பாதிப்பு?

அதிகப் பாதிப்பு அவருக்குத்தான். இதைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீர் விற்கும்போது பணம் ஒருவர் கையில் நிற்கிறது. பயிர் வைக்கும்போது அது பல கைக்குப் பிரிகிறது. ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் இறங்குவார்கள். பிறகு களை, மருந்து தெளிப்பு, அறுப்பு, மூட்டை தூக்கல் என்று வேலை தொடரும். நிலக்கடலை என்றால் பிடுங்க, ஆய, உடைக்க என்று இன்னும் கூடும். வரப்புப் புல்லும் வைக்கோலும் ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போகும். லாரிக்குத் தண்ணீர் ஏற்ற ஓர் ஆள் போதும். சுவிட்சைப் போட்டுக் குழாயைப் பிடித்தால் வேலை முடிந்தது.

நிலத்துக்காரர் தண்ணீர் விற்கலாம், நிலத்தை மனையாக்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். கூலிக்காரரிடம் விற்க எதுவும் இல்லை. அவர் அந்தப் பேரத்துக்குக் கூப்பிடப்படுவதும் இல்லை. ஆண்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். இளம் பெண்கள் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுவது, தீப்பெட்டி வேலை. மாதச் சம்பளம் வரும் வேலை கிடைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, பலருக்கு அது வயல் வேலையைவிட மேல். ஆனால் ஐம்பது வயது தாண்டிய அம்மாவை எந்தக் கம்பெனியும் எடுக்காது. அவருக்கு இருந்த ஒரே வேலை நடவும் களையும்தான்.

இதில் சாதியும் இருக்கிறது. பட்டியல் சமூகத்தவருக்கு ஒதுக்கிய நிலங்களில் பல மேட்டுப்பாங்கில், ஏரித் தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்கின்றன. அங்கே கிணறு வெட்டக் கடன் வாங்க வேண்டும், மின் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை பக்கத்துக் கிணற்றுக்காரரின் தண்ணீரை நம்பித்தான் பயிர். அந்தக் கிணற்றுக்கு லாரி வரத் தொடங்கியதும் முதலில் நிற்பது இந்த வாய்க்கால்தான். லாரிக்காரர் கையில் பணம் கொடுக்கிறார், இவரோ அறுத்த பிறகு தருகிறேன் என்கிறார். வேறெந்தக் காரணமும் தேவைப்படாது.

தண்ணீர் விற்பனைக்கும் ஏரி பாழாவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கிணறு இல்லாத காலத்தில் வாய்க்கால் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரைப் பிரித்து விடும் ஆள்) மடை திறக்கும் முறையை எல்லோரும் கவனித்தார்கள். ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன நிலத்தில், வசதியுள்ளவர்கள் சொந்தக் கிணறு வெட்டிக்கொண்ட பிறகு அவர்களுக்கு ஏரி இரண்டாம் பட்சமாயிற்று. ஊரில் குரல் உள்ளவர்களும் அவர்கள்தான். அவர்கள் வராத குடிமராமத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டது, ஏரி நிரம்புவது குறைந்தது. ஏரியை மட்டும் நம்பியவர் கிணற்றுக்காரரிடம் தண்ணீர் கேட்டுப் போனார்.

ஏரி நிரம்பிக் கோடி போன வருடத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட பருவத்தில் ஆயக்கட்டில் கிணற்றுத் தண்ணீருக்குக் கேட்பு குறையும், விலை இறங்கும், கிணற்றுக்காரர் குரலும் இறங்கும். வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குத் தண்ணீர் போகும் கால்வாய்கள் சரியாக இருந்தால், அந்த ஆயக்கட்டுச் சிறு விவசாயிக்கு அதைவிடப் பெரிய பேர பலம் கிடையாது. ஆற்று மணல் இருந்தவரை, அதில் ஊறும் நீரைக் கொண்டுவரும் ஊற்றுக்கால்வாய்களும் ஓடின. மணல் போன பிறகு அவையும் நின்றன.

தோல் பட்டறைகளுக்கும் இந்த வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தண்ணீர் சந்தையை உருவாக்கியதில் பட்டறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பு, ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதைக் குறிப்பிட்டது. தோல் பட்டறைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வையும் எடுத்துச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு நாடு முழுக்கப் பேசப்படுவதற்கு நம் பாலாறு காரணம்.

சொந்தக் கிணறு கெட்டுப்போன விவசாயி குடிக்கவும் மாட்டுக்கு வைக்கவும் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார். பட்டறையும் நல்ல தண்ணீரைத் தேடித் தள்ளியுள்ள கிராமத்துக் கிணறுகளுக்குப் போகிறது. ஒரே கழிவு இரண்டு பக்கமும் வாங்குபவரை உண்டாக்குகிறது. ஈட்டுத்தொகை வராதவர்களுக்கு ஒரு செய்தி: 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் இன்னொரு தீர்ப்பு தந்திருக்கிறது. விடுபட்ட குடும்பங்களுக்கு ஈடு தரவும், ஆற்றை மீட்கக் குழு அமைக்கவும் அது உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட நிலத்தின் ஆவணங்களை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, அதுவும் வியாபாரமா?

கிணற்றுக்காரர் விற்ற தண்ணீர் இல்லை அது. 2019 ஜூலை 12ல் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் போனது, அது மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி நீர். நம் ஊர்களில் குடிநீருக்கே தட்டுப்பாடு இருந்த நேரம் என்பதால் மக்கள் கொதித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய உதாரணம் சென்னைக்கு இன்னும் கிட்டே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் வறட்சிக் காலங்களில் குடிநீர் வாரியம் விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து, மோட்டார் ஓடும் நேரத்துக்குப் பணம் கொடுத்தது. கிணற்றுக்காரருக்கு நிச்சயமான வருமானம். நிலம் தரிசாகக் கிடந்தது. கூலிக்காரருக்கும் கிணறில்லாத குத்தகைதாரருக்கும் அந்தப் பணத்தில் பங்கு இல்லை. நாளைக்கு வேலூர் மாநகராட்சியோ ஒரு தொழிற்பேட்டையோ நம் பக்கம் இதேபோல் கேட்டால், முதலில் பேச வேண்டியது அந்தப் பங்கைப் பற்றி.

ஆஸ்திரேலியாவில் தண்ணீர் சந்தை நன்றாக நடக்கிறதாமே?

முர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக்கிவிட்டார்கள். 1995ல் எடுப்பின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு போட்டார்கள். உரிமையை நிரந்தரமாகவும் விற்கலாம், அந்த ஆண்டுப் பங்கை மட்டும் தற்காலிகமாகவும் விற்கலாம்.

நன்மை இருந்தது. கடனில் மூழ்கிய விவசாயி தண்ணீரை விற்றுக் கடனை அடைத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வறட்சியில் பழ மரம் வைத்தவர் தண்ணீர் வாங்கி மரத்தைப் பிழைக்க வைத்தார், நெல் போடுபவர் அந்த ஆண்டு தண்ணீரை விற்று வருமானம் பார்த்தார்.

கெடுதலும் இருந்தது. விக்டோரியா மாநிலத்தின் வடக்கே பால் மாட்டுப் பண்ணைகள் இருந்த பகுதிகளிலிருந்து தண்ணீர் உரிமை பாதாம் தோட்டங்களுக்குப் போனது. ஒரு வாய்க்காலில் சிலர் விற்றுவிட்டு வெளியேறினால், அந்த வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு மிச்சமிருப்பவர் தலையில் விழுந்தது. பண்ணைகள் குறைந்த ஊரில் கடையும் பள்ளியும் தள்ளாடின. இதைத் தடுக்க விக்டோரியா ஒரு காலத்தில், ஒரு பாசனப் பகுதியிலிருந்து ஆண்டுக்கு நான்கு விழுக்காட்டுக்கு மேல் வெளியே விற்கக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. 2021ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் தந்த அறிக்கை, தரகர்களுக்குக் கட்டுப்பாடு போதாது, விலை விவரம் தெளிவாக இல்லை, தனி அமைப்பு வேண்டும் என்றது.

அளவுமானி, உச்சவரம்பு, பதிவேடு எல்லாம் இருந்த இடத்திலேயே இவ்வளவு சிக்கல். நம் கிணறுகளில் மானி இல்லை, வரம்பு இல்லை, யார் எவ்வளவு எடுக்கிறார் என்ற பதிவும் இல்லை. அந்தச் சந்தையை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அப்படியானால் எல்லா விற்பனையையும் தடை செய்துவிடலாமா?

கூடாது. பக்கத்து வயலுக்கு விற்பதைத் தடுத்தால் கிணறு இல்லாதவர் நிலம்தான் முதலில் தரிசாகும். ஒவ்வொருவரும் சொந்தமாகப் போர் போட ஓடுவார்கள், ஏற்கெனவே இருக்கும் கடன் இன்னும் ஏறும். நான்கு பேருக்கு ஒரு கிணறு தண்ணீர் கொடுத்தால் மூன்று போர் மிச்சம்.

தடுக்க வேண்டியது ஊரைவிட்டு வணிகத்துக்குப் போகும் தண்ணீரை, அதிலும் வரம்பு மீறிய குறுவட்டங்களில். கோடையில் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போகும் வண்டியை இதோடு சேர்க்காதீர்கள்.

ஊராட்சியால் என்ன செய்ய முடியும்?

நினைப்பதைவிட அதிகம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அந்தக் கூட்டத்தில் ஊருக்குள் எத்தனை கிணறு வணிகத்துக்கு இறைக்கிறது, எத்தனை வண்டி போகிறது என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். “லாரி அதிகம் வருகிறது” என்ற புகாரைவிட, எந்தக் கிணறு, எந்த நேரம், ஒரு வாரத்தில் எத்தனை நடை என்று எழுதிய தாளுக்கு மதிப்பு அதிகம். அதையே மாதாந்திர விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம், மின்வாரியத்துக்கும் ஒரு நகல்.

நீர் செறிவு வேலையும் முக்கியம். வேலூர் மாவட்டத்தில் நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் பெண்கள் உறை இறக்கிச் செறிவூட்டும் கிணறுகள் கட்டினார்கள், நல்ல முன்மாதிரி. ஆனால் விற்பனைக்கு வரம்பு இல்லாத ஊரில் அந்தப் பெண்கள் இறக்கிய தண்ணீரும் ஆழமான போர் வைத்திருப்பவரிடமே போய்ச் சேரும். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் வையுங்கள்.

தண்ணீர் வாங்கிப் பயிர் வைக்கப் போகிறேன். எதையெல்லாம் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்?

எந்தப் பட்டம், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்பது முதலில். அப்புறம் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், பகலா இரவா. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் பாதிச் சண்டை வரும், அதை வாயால் விடாதீர்கள். மோட்டார் பழுதானால் யார் செலவு, எத்தனை நாளுக்குள் சரி செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். பங்கு முறை என்றால் களத்தில் அளப்பதற்கு முன்பு கழிக்கும் செலவு எது எது என்பதும் வேண்டும்.

ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ஒப்புக்கொண்ட பயிர் அறுவடை ஆகும் வரை அந்தக் கிணற்றிலிருந்து வெளி ஆளுக்குத் தண்ணீர் விற்கக்கூடாது. “மாமா, நமக்குள்ள எழுத்து எதுக்கு?” என்று கேட்பார்கள். நமக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லி, ஊரில் இரண்டு பேரைச் சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பாதியில் கிணறு வற்றிவிட்டால் கொடுத்த முன்பணம் திரும்புமா?

எழுதியிருந்தால் திரும்பும். விடாத தண்ணீருக்கான தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று தாளில் ஒரு வரி போதும். பங்கு முறையில் முன்பணம் கொடுக்கவே தேவையில்லை, கேட்டால் மறுத்துவிடுங்கள். எதுவும் எழுதாமல் கொடுத்துவிட்டிருந்தால், சாட்சியாக நின்றவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அடுத்த பட்டத்துத் தண்ணீரில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பெரும்பாலும் கிணற்றுக்காரர் ஒத்துக்கொள்வார். அதையாவது உடனே எழுதி வாங்கிவிடுங்கள்.